கூரைக்குள்ள ஓடுற ரெண்டு கம்பி: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஆபீஸ் கட்டடங்கள்ல வர்ற டாலி (DALI, லைட்டை டிஜிட்டலா கன்ட்ரோல் பண்ற முறை) பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதினேன், அதை படிச்சிட்டு வந்த கேள்விகளே இந்த மாசம் பக்கம் முழுக்க போதும்ங்கற அளவுக்கு சேர்ந்துடுச்சு. புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். கரண்ட் கம்பி தனியா, அதோட கூடவே இன்னும் ரெண்டு கம்பி ஒவ்வொரு லைட்டோட டிரைவருக்கும் (லைட்டுக்கு வேண்டிய கரண்ட்டை கொடுக்கற சின்ன பெட்டி) போகும், அந்த ரெண்டு கம்பியில தான் 'நீ எரி, நீ அணை, நீ பாதியா குறை'ன்னு டிஜிட்டலா தகவல் போகும். ஒரு லைனுக்கு 64 லைட் வரைக்கும் தனித்தனி நம்பர், 16 குரூப், 16 சீன் (எந்த லைட் எவ்வளவு எரியணும்னு முன்னாடியே பதிஞ்சு வைக்கற அமைப்பு). ஐஇசி 62386ங்கற சர்வதேச தரம் இதுக்கு இருக்கு, அதனால ஒரு கம்பெனி டிரைவரும் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரும் பேசிக்கலாம். இவ்வளவு தெரிஞ்சா கீழ உள்ளது எல்லாம் புரியும்.

பெருங்குடி வாசகர் கேக்கறார்: சார், ஓஎம்ஆர்ல ஒரு ஐடி பில்டிங்ல மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனா இருக்கேன். போன வாரம் 4வது மாடியில திடீர்னு எல்லா லைட்டும் ஃபுல்லா எரிய ஆரம்பிச்சிடுச்சு, சுவத்துல இருக்கற பட்டன் எதை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகல. டிரைவர் எல்லாமே போயிடுச்சுன்னு மேனேஜர் சொல்றார், மொத்தமா மாத்த கொட்டேஷன் கேட்டுட்டார். நிஜமாவே எல்லாம் போயிருக்குமா?

தம்பி, முதல்ல அந்த கொட்டேஷனை நிறுத்தச் சொல்லுங்க. டிரைவர் போயிருந்தா லைட் எரியவே எரியாது, எல்லாம் ஒண்ணு போல ஃபுல்லா எரியுதுன்னா டிரைவர் எல்லாம் நல்லா தான் இருக்குன்னு அர்த்தம். டாலி கம்பியில எப்பவும் சுமார் 16 வோல்ட் டிசி நிக்கும், அது அரை செகண்டுக்கு மேல இல்லாம போச்சுன்னா, ஒவ்வொரு டிரைவரும் 'தகவல் கம்பி அறுந்துடுச்சு'ன்னு தானா முடிவு பண்ணி, தனக்குள்ள எழுதி வெச்சிருக்கற ஒரு வெளிச்ச அளவுக்கு போயிடும். கம்பெனியில இருந்து வரும்போது அந்த அளவு 100 சதவீதம். ஆளுங்க இருக்கற இடம் இருட்டாகிடக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு அது, ரொம்ப சரியான ஏற்பாடு. அதனால உங்க 4வது மாடி சொல்றது ஒரே விஷயம் தான், கம்பியில வோல்ட் இல்ல.

இப்ப தேடுற விதம். மீட்டரை எடுத்ததும் டிசியில வைக்காதீங்க, முதல்ல ஏசியில வெச்சு அந்த ரெண்டு கம்பிக்கு நடுவுலயும், ஒவ்வொண்ணுக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் பாருங்க, ஏன்னா யாராவது தப்பா ஃபேஸை அதுல கொடுத்திருந்தா 230 அங்க உக்காந்திருக்கும். 16 வோல்ட் தானேன்னு வெறுங்கையில தொடறவங்களை நிறைய பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அந்த பழக்கம் வேண்டாம். டாலி கம்பி மெயின் கரண்ட்டோட ஒரே அஞ்சு கோர் கேபிள்ல ஓட அனுமதி இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல பேசிக் இன்சுலேஷன் மட்டும் தான், அதனால அதை மெயின் லைன் மாதிரியே நினைச்சு சப்ளையை ஆஃப் பண்ணிட்டு தான் கை வைக்கணும்.

ஏசி இல்லன்னு உறுதியானதும் டிசியில பாருங்க. நல்ல லைன்ல 16 பக்கம் காட்டும், தகவல் போகும்போது நம்பர் கொஞ்சம் ஆடும், அது சகஜம். 9.5க்கு மேல இருந்தா டிரைவர் அதை சரியான வோல்ட்டுன்னு எடுத்துக்கும், 6.5க்கு கீழ போனா இல்லைன்னு எடுத்துக்கும். உங்களுக்கு பூஜ்யம் கிட்ட காட்டும்னு நினைக்கறேன். அப்போ டிபி பாக்ஸ்ல (கரண்ட்டை பிரிச்சு விடற பெட்டி) இருக்கற டாலி பவர் சப்ளையில இருந்து வெளிய போற ரெண்டு கம்பியை கழட்டிட்டு, சப்ளையோட டெர்மினல்ல மட்டும் அளந்து பாருங்க. அங்கயும் பூஜ்யம்னா சப்ளை போயிருக்கு, ஒரு பொருள் மாத்தினா வேலை முடிஞ்சுது. அங்க 16 வந்துடுச்சுன்னா சப்ளை நல்லாருக்கு, வெளியில எங்கயோ ஷார்ட்.

ஷார்ட்டை ஒவ்வொரு லைட்டா கழட்டி தேடாதீங்க, ஃபால்ஸ் சீலிங் முழுக்க பிரிச்சு போட வேண்டியதாகிடும். லைனோட நடுவுல ஒரு ஜங்ஷன்ல பிரிங்க, சப்ளை பக்கம் இருக்கற பாதி சரியாச்சுன்னா கோளாறு அந்தப் பக்க பாதியில இருக்கு, இல்லன்னா இந்தப் பக்கம். திரும்ப அந்த பாதியை பாதியாக்குங்க. 64 லைட் இருந்தாலும் ஆறு தடவையில ஒரே லைட்டுக்கு வந்துடுவீங்க. நம்ம ஊர்ல முதல்ல பாக்க வேண்டிய இடம் ஏசி டிரெயின் பைப்புக்கு கீழ இருக்கற கனெக்டர், தண்ணி சொட்டி சொட்டி பச்சை பிடிச்சிருக்கும். ரெண்டாவது சமீபத்துல எங்க பார்ட்டிஷன் அடிச்சாங்கங்கறது. பல வருஷத்துக்கு முன்னாடி கிண்டியில ஒரு கட்டடத்துல மூணு ராத்திரி தேடினேன், கடைசியில பாத்தா கார்பென்டர் அடிச்ச ஒரு ஜிப்சம் ஸ்க்ரூ கேபிளுக்குள்ள நேரா இறங்கி ரெண்டு கோரையும் சேத்து தைச்சிருந்துச்சு. லைன் எந்த வழியா போகுதுன்னு ஒரு ட்ராயிங் இருந்திருந்தா அது ஒரு மணி நேர வேலை. அன்னைக்கு ஆரம்பிச்சது தான், எந்த பில்டிங் போனாலும் ட்ராயிங் எங்கன்னு தான் முதல்ல கேப்பேன்.

இன்னொண்ணு, வோல்ட் கம்மியா இருக்குன்னு ரெண்டாவது பவர் சப்ளையை அதே லைன்ல 'சப்போர்ட்டுக்கு' போடறாங்க, அது வேண்டாம். ஒரு லைனுக்கு மொத்தமே 250 மில்லிஆம்ப் தான் அதிகபட்சம், அதுக்கு மேல போனா தகவல் அனுப்பும்போது கம்பியை கீழ இழுக்கற பார்ட்டுகள் சூடாகி கெட்டுப்போகும். ஒரு டிரைவர் அதிகமா போனா 2 மில்லிஆம்ப் தான் இழுக்கும், 64 போட்டாலும் 128. சென்சாரும் பட்டன் பேனலும் தான் கூட இழுக்கும், அதைக் கூட்டிப் பாத்துக்குங்க. தூரம் 1.5 ஸ்கொயர் எம்எம் கம்பியில 300 மீட்டர், அதுக்கு மேல இழுத்தா அந்தக் கோடி லைட்டுங்க சொன்ன பேச்சு கேக்காது.

அப்படியே இதையும் கேட்டு வைங்க, ராத்திரி கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும் அணைச்சு வெச்ச ஃப்ளோர் எல்லாம் ஃபுல்லா எரியுதுன்னு பல பேர் சொல்றாங்க. அது வேற விஷயம், கரண்ட் வந்ததும் எந்த அளவுல எரியணும்னு டிரைவர்ல தனியா ஒரு செட்டிங் இருக்கு, அதுவும் கம்பெனியில இருந்து வரும்போது ஃபுல் தான். அதை 255னு மாத்தினா கரண்ட் போறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வரும். மாடிப்படிக்கும் எமர்ஜென்சி வழிக்கும் மட்டும் ஃபுல்லாவே விட்டுடுங்க.

வேளச்சேரி வாசகர்: ஒரு டிரைவர் செத்துப்போச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே வாட்ஸ், டாலி மார்க் போட்ட டிரைவர் வாங்கி மாட்டினோம். 'எல்லாம் ஆஃப்'னு அமுக்கினா அணையுது, ஆனா கான்ஃபரன்ஸ் ரூம் பட்டனை அமுக்கினா இது மட்டும் கேக்க மாட்டேங்குது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லீங்க, அதுக்கு இன்னும் பேரே வைக்கல. புது டிரைவருக்கு நம்பரும் கிடையாது, எந்த குரூப்லயும் சேர்ந்திருக்காது. எல்லாருக்கும் பொதுவா சொல்றது மட்டும் அதுக்கு கேக்கும், '3வது குரூப் அணையட்டும்'னா அது தனக்கு இல்லன்னு சும்மா இருக்கும். குரூப், சீன் விவரம் எல்லாம் டிரைவருக்குள்ளயே தான் பதிஞ்சிருக்கும், பழைய டிரைவரோட சேர்ந்து அதுவும் குப்பைக்கு போயிடுச்சு.

நம்பர் கொடுக்கற விதம் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். எந்த லைட்டுக்கும் நம்பர் இல்லாதப்போ எதை எப்படி தனியா கூப்பிடறது? கன்ட்ரோலர் முதல்ல '15 நிமிஷத்துக்கு எல்லாரும் தயாரா இருங்க'ன்னு சொல்லும். அப்புறம் 'ஆளாளுக்கு ஒரு நம்பரை மனசுல நினைச்சுக்குங்க'ன்னு சொல்லும், ஒவ்வொரு டிரைவரும் சுமார் 1 கோடியே 67 லட்சம் நம்பர்ல இருந்து ஏதோ ஒண்ணை எடுத்துக்கும். அடுத்து கன்ட்ரோலர் கேக்கும், 'உங்க நம்பர் 80 லட்சத்துக்குள்ள இருக்கா?' இருக்கறவங்க எல்லாம் ஒரே நேரத்துல ஆமாம்னு சொல்லலாம், பத்து பேர் சேர்ந்து சொன்னாலும் கம்பியில வோல்ட் கீழ இறங்கறது ஒண்ணு தான், அதனால குழப்பமே இல்ல, யாரோ ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும். 'சரி, 40 லட்சத்துக்குள்ளயா? 20க்குள்ளயா?' இப்படி பாதி பாதியா குறைச்சுக்கிட்டே வந்து சுமார் 24 கேள்வியில மிகச் சின்ன நம்பர் வெச்சிருக்கற ஒரே ஒரு டிரைவரை பிடிச்சுடும். அதுக்கு 0ன்னு நம்பர் கொடுத்து 'நீ போய் உக்காரு, இனிமே பதில் சொல்லாத'ன்னு சொல்லிட்டு அடுத்ததை தேடும். வகுப்புல பேர் தெரியாத பசங்களை ஒரு டீச்சர் ஒவ்வொருத்தரா எழுப்பி உக்கார வைக்கற மாதிரி தான்.

ஆனா இதுல கன்ட்ரோலருக்கு தெரியாத ஒண்ணு இருக்கு. 17ஆம் நம்பர் லைட் ஜன்னல் ஓரமா இருக்கா, டாய்லெட்ல இருக்கான்னு அதுக்கு தெரியாது. அதுக்கு ஒரு ஆள் லேப்டாப்ல ஒவ்வொரு நம்பரா மின்ன விடணும், இன்னொரு ஆள் ட்ராயிங்கை கையில வெச்சுக்கிட்டு எது மின்னுதுன்னு பாத்து நடந்து நடந்து எழுதணும். மனுஷன் தான் பண்ணணும், அந்த பேப்பர் தான் உங்க சொத்து.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு டிரைவருக்கு நம்பர் கொடுக்கறது. மென்பொருள்ல 'நம்பர் இல்லாததை மட்டும் தேடு'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைத் தான் அமுக்கணும். பக்கத்துலயே 'புதுசா எல்லாத்தையும் ஆரம்பி'ன்னும் இருக்கும், அதை அமுக்கிட்டா 64 லைட்டுக்கும் நம்பர் கலைஞ்சு பல மென்பொருள்ல குரூப்பும் அழிஞ்சிடும். சில கன்ட்ரோலர்ல ஒரே ஒரு டிரைவர் காணாம போய் ஒரே ஒரு புதுசு வந்தா தானாவே பழைய நம்பரையும் குரூப்பையும் கொடுத்துடற வசதி இருக்கு, உங்களோடதுல இருக்கான்னு மேனுவல்ல பாருங்க. வேற மாடியில இருந்து கழட்டின பழைய டிரைவரை மாட்டறதா இருந்தா அதுல பழைய நம்பர் இருக்கும், இங்க ஏற்கனவே அதே நம்பர் இருந்தா ரெண்டும் ஒண்ணா ஆடும். மாட்டறதுக்கு முன்னாடி அழிச்சுடுங்க.

மடிப்பாக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர்: தம்பி, நான் எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரி. பார்க்கிங், மாடிப்படி எல்லாம் 18 வாட்ஸ் ட்யூப் 30 இருக்கு, சாயங்காலம் 6ல இருந்து காலையில 6 வரை எரியுது. ஒருத்தர் வந்து டாலி போட்டா தான் மிச்சம் ஆகும்னு பெரிய தொகை சொல்றார். போடலாமா?

வேண்டாம் டீச்சர். 30 ட்யூப்புக்கு டாலி தேவையில்ல, உங்க மெம்பர்ஸ் காசு அது. ஆளு வந்தா முழுசா எரிஞ்சு, ஆளில்லாதப்போ 20 சதவீதத்துக்கு குறையற சென்சார் வெச்ச ட்யூப்பே கடையில கிடைக்குது, பழசை கழட்டிட்டு அதே பட்டியில மாட்டிடலாம். கணக்கு பாருங்க, 30 ட்யூப் 12 மணி நேரம்னா ஒரு நாளைக்கு சுமார் 6.5 யூனிட். ராத்திரி 11ல இருந்து காலையில 6 வரை ஆள் நடமாட்டம் இல்லாத 7 மணி நேரம் குறைஞ்சு எரிஞ்சா நாளைக்கு 3 யூனிட் மிச்சம், மாசம் 90. அதுக்கு ஏத்த செலவு தான் பண்ணணும்.

சென்சார் ரெண்டு வகை. உடம்பு சூட்டை பாத்து வேலை செய்யறது ஒண்ணு, மைக்ரோவேவ் அலையை விட்டு அசைவை பாக்கறது இன்னொண்ணு. முதல் வகைக்கு நம்ம சென்னை மே மாசம் ஒத்துக்காது, காத்தே 36, 37 டிகிரி இருக்கும்போது உடம்பு சூட்டுக்கும் சுத்தி இருக்கற சூட்டுக்கும் வித்தியாசமே இருக்காது, ஆள் பக்கத்துல வந்தா தான் கண்டுபிடிக்கும். திறந்த பார்க்கிங்குக்கு மைக்ரோவேவ் பரவாயில்ல, ஆனா அது மரக்கதவு, கண்ணாடி, மெல்லிசான சுவர் தாண்டியும் பாக்கும், படிக்கட்டுல வெச்சா வீட்டுக்குள்ள யாராவது ஹால்ல நடந்தாலே எரியும், அதனால சென்சிடிவிட்டியை குறைச்சு வைக்கச் சொல்லுங்க. படிக்கட்டுல மட்டும் முழுசா அணையற மாதிரி எதுவும் போட விடாதீங்க. உங்க அபார்ட்மென்ட்ல வயசானவங்க இருப்பாங்க, முதல் படியில கால் வைக்கற அந்த ஒரு நொடி இருட்டு தான் ஆபத்து.

அண்ணா நகர் வாசகி: வீட்டு ஹால்ல பழைய திருகற டிம்மர் இருக்கு. எல்ஈடி பல்பு மாட்டினதும் குறைக்கும்போது கண்ணை சிமிட்டற மாதிரி துடிக்குது.

அந்த டிம்மர் குண்டு பல்புக்காக பண்ணது. கரண்ட் அலையோட ஒரு பகுதியை வெட்டி வெட்டி விடும், குண்டு பல்போட கம்பி சூடு ஆறாம அதை சமாளிச்சுக்கும், எல்ஈடிக்குள்ள இருக்கற சர்க்யூட் சமாளிக்காது. பல்பு பெட்டியில டிம்மபிள்னு போட்டிருக்கற பல்பு, எல்ஈடிக்குன்னே வர்ற டிம்மர், ரெண்டும் சேந்து மாத்தணும். டிம்மபிள் இல்லாத பல்பை அதுல விடாதீங்க, சீக்கிரம் போயிடும். குறைக்கறதே இல்லன்னா டிம்மரை எடுத்துட்டு சாதா ஸ்விட்ச் போட்டுடுங்க.

ஆர்க்கிடெக்சர் படிக்கிற மாணவர், தரமணி: அண்ணா, டாலியில 0ல இருந்து 254 வரை அளவுன்னு படிச்சேன். அப்போ பாதி வெளிச்சம்னா 127 தானே? லேப்ல 127 போட்டா மீட்டர்ல ரொம்ப கம்மியா காட்டுது.

மீட்டர் சொல்றது சரி தம்பி. 229 தான் 50 சதவீதம், 170னா 10 சதவீதம், 85னா 1 சதவீதம். நம்ம கண்ணு வெளிச்சத்தை நேர்கோட்டுல அளக்காது, இருட்டுல சின்ன வித்தியாசம் கூட தெரியும், நல்ல வெளிச்சத்துல பெரிய வித்தியாசம் கூட தெரியாது. அதனால கீழ சின்ன சின்ன படியாவும் மேல பெரிய படியாவும் வர்ற மாதிரி வளைவா வெச்சிருக்காங்க, பட்டனை அமுக்கிப் பிடிச்சா கண்ணுக்கு ஒரே சீரா ஏறற மாதிரி தெரியும். உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல லெவலையும் சதவீதத்தையும் தனித்தனி கட்டத்துல எழுதுங்க, சைட்ல பாதி சண்டை ஒருத்தர் லெவல் சொல்லி இன்னொருத்தர் சதவீதம்னு எடுத்துக்கறதுல தான் வருது.

வடபழனியில கல்யாண மண்டபம் வெச்சிருக்கறவர்: மண்டபம் புதுப்பிக்கறோம். ஸ்டேஜ் கலர் லைட், ஹால் லைட் எல்லாத்தையும் டாலியிலயே போட்டுடலாம்னு ஒருத்தர் சொல்றார், லைட் செட் பையன் டிஎம்எக்ஸ் (ஸ்டேஜ் லைட்டை கன்ட்ரோல் பண்ற இன்னொரு டிஜிட்டல் முறை) தான் வேணும்ங்கறான்.

ரெண்டு பேர்ல ஸ்டேஜுக்கு பையன் சொல்றது தான் சரி. டாலி ரொம்ப நிதானமான ஆள், ஒரு செகண்டுக்கு 1200 பிட் தான், அதாவது சுமார் 40 கட்டளை. 64 லைட்டுக்கும் தனித்தனியா சொன்னா ஒண்ணரை செகண்டுக்கு மேல ஆகும், பொரி பொரியற மாதிரி ஒண்ணு ஒண்ணா எரியும். டிஎம்எக்ஸ் செகண்டுக்கு 2,50,000 பிட், 512 சேனலையும் செகண்டுக்கு 44 தடவை வரை புதுப்பிக்கும், தாலி கட்டும்போது கலர் மாறற எஃபெக்ட்டுக்கு எல்லாம் அது தான் வேணும்.

ஹால், டைனிங், ரூம், வராண்டா எல்லாத்துக்கும் டாலி நல்லது. அங்க வேகம் வேண்டாம், ஒவ்வொரு லைட்டா கூப்பிடாம 'முகூர்த்தம்', 'ரிசப்ஷன்', 'கூட்டறது பெருக்கறது'ன்னு மூணு நாலு சீன் பதிய வெச்சுட்டா ஒரே கட்டளையில எல்லாம் சேர்ந்து மாறும். வயரிங் ஆளுங்ககிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க, டிஎம்எக்ஸ் ஒரு லைட்ல இருந்து அடுத்த லைட்டுக்கு சங்கிலி மாதிரி தான் போகணும், கடைசி லைட்ல 120 ஓம் ரெசிஸ்டர் போடணும். டாலியில அப்படி இல்ல, நட்சத்திரம் மாதிரியும் கிளை மாதிரியும் பிரிக்கலாம், ரெசிஸ்டர் போடக் கூடாது, வட்டமா மட்டும் முடிச்சு போட்டுடக் கூடாது. ஒரே டீம் ரெண்டையும் இழுக்கும்போது ஒண்ணோட வழக்கத்தை இன்னொண்ணுல பண்ணிடுவாங்க.

போரூர் வாசகர்: எங்க கம்பெனி புது ஆபீஸ் அடுத்த மாசம் கான்ட்ராக்டர்கிட்ட இருந்து எடுத்துக்கப் போறோம், நான் தான் அட்மின். டாலி பத்தி ஒண்ணும் தெரியாது, என்ன கேட்டு வாங்கணும்?

சார், நீங்க கேட்டதுக்கு தான் மத்த எல்லாரையும் விட சந்தோஷப்பட்டேன், ஏன்னா மேல வந்த கேள்வியில ரெண்டு, இதை அன்னைக்கே யாராவது கேட்டிருந்தா வந்திருக்காது. ஃபைனல் பில் பாஸ் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க, அப்புறம் கேட்டா போன் எடுக்க மாட்டாங்க. எந்த நம்பர் லைட் எங்க இருக்குன்னு எழுதின ட்ராயிங், எந்த லைட் எந்த குரூப், எந்த சீன்ல எவ்வளவுன்னு லிஸ்ட், மென்பொருளோட ப்ராஜெக்ட் ஃபைல், அதோட பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தர மாட்டோம்னு சிலர் சொல்லுவாங்க, ஒவ்வொரு சின்ன மாத்தத்துக்கும் அவங்களையே கூப்பிடணும்ங்கறதுக்காக, அதுக்கு ஒத்துக்காதீங்க, உங்க கட்டடம் அது. அதே மாடல் டிரைவர் ரெண்டு மூணு ஸ்பேரா வாங்கி வைங்க, புதுசா வாங்கற சாமான்ல டாலி-2 மார்க் இருக்கான்னு பாருங்க, அது டெஸ்ட் ரிசல்ட்டை டாலி அலையன்ஸ் அமைப்பு சரிபாத்து சான்று கொடுத்ததுக்கான அடையாளம்.

எடுத்துக்கற அன்னைக்கு அவங்க இருக்கும்போதே ஒரு சோதனை பண்ணுங்க. டாலி பவர் சப்ளையோட எம்சிபியை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, லைட்டெல்லாம் ஃபுல்லா வரணும், இல்ல நீங்க கேட்ட அளவுக்கு வரணும். திரும்ப ஆன் பண்ணி பட்டன் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. அப்புறம் அந்த ஃப்ளோரோட லைட் கரண்ட்டையே ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணி என்ன ஆகுதுன்னு பாருங்க. கடைசியா, லைட் நம்பர் ட்ராயிங்கை ஏ4 அளவுல பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி டிபி பாக்ஸ் கதவோட உள்பக்கம் ஒட்டிடுங்க, ஃபைல் ரூம்ல வைக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு வர்ற எலக்ட்ரீஷியன் கதவைத் திறந்ததும் அது கண்ணுல படணும்.